படகில் தூங்கியவர்

தூங்கு. என் பதில் அவ்வளவுதான். வேறு பதில் என்னிடம் இல்லை, இருந்தாலும் தர மாட்டேன். இரவெல்லாம் ஆஸ்பத்திரி வார்டில் நின்றுவிட்டு ஞாயிறு காலை அறைக்கு வந்து படுக்கும்போது, தெருக்கோடி ஆலயத்தில் மணி அடிக்கும்போது, எழுந்து போகாமல் போர்வையை இழுத்துக்கொள்வது பாவமா என்று கேட்டிருந்தாய். அதே குரல் பதிவின் கடைசியில் இன்னொன்றும் சொன்னாய். "விட்டுரும்மா, ஒரு வருஷம்னுதான சொன்ன, முடியப்போகுது, அவங்க கமிட்டியும் அவங்க பேச்சும் உனக்கு எதுக்கு." இரண்டுக்கும் ஒரே இடத்திலிருந்துதான் பதில் வருகிறது. அதைச் சொல்லக் கொஞ்சம் சுற்ற வேண்டும். குரலில் சொன்னால் நான் பிரசங்கம் செய்துவிடுகிறேன், உன் அய்யாவே சொல்லிவிட்டார். அதனால் காகிதம். நுஃமான் பாய் மகன் ஸுஹைர் திங்கட்கிழமை டப்ளினுக்குக் கிளம்புகிறான். பார்சலோடு இதுவும் வரும்.

அன்பு யுவராணிக்கு, இங்கே நாங்கள் சுகம், அய்யாவின் முழங்காலைத் தவிர. உன் சுகத்தைக் குரலில் கேட்கிறேன். ஆனால் குரலுக்கு நடிக்கத் தெரியும், முகம் காட்டு. மழை விட்டு விட்டுப் பெய்கிறது. வாடைக் காற்று வந்துவிட்டது. அய்யா பட்டறையில் மூன்று படகு என்ஜின்கள் வாயைப் பிளந்து கிடக்கின்றன, எல்லோருக்கும் கிறிஸ்மஸுக்கு முன்னால் வேண்டும். பள்ளிக்கூடத்தில் அரைப்பரீட்சை நெருங்குகிறது. நாளை ஆகமனத்தின், கிறிஸ்மஸுக்கு முந்தைய காத்திருப்புக் காலத்தின், முதல் ஞாயிறு. திருச்சபைக்கு நாளைதான் வருஷப் பிறப்பு. நான் ஆலயத்தில் பேச ஒப்புக்கொண்ட வருஷம் போன ஞாயிற்றோடு முடிந்தது. என்ன முடிவாயிற்று என்பதுதான் இந்தக் கடிதம்.

நீ அயர்லாந்தில் கார்க் நகரத்துக்குப் போன பிறகு, ஞாயிறுதோறும் பிரசங்கம் செய்துவந்த நம் உபதேசியார் ஓய்வு பெற்று மதுரையில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார் என்று சொல்லியிருந்தேன். அந்த இடத்துக்கு ஆள் வரவில்லை. போதகர் ஐயர் பல சபைகளைப் பார்க்கிறவர், நமக்கு மாதத்தில் இரண்டாம் ஞாயிறு மட்டும், திருவிருந்தோடு. மற்ற ஞாயிறுகளில் யாராவது பேச வேண்டும். இல்லையென்றால் ஆலயத்தைப் பூட்டிவிட்டு ராமநாதபுரத்துக்குப் பஸ் ஏற வேண்டும். விடிய விடிய வலை இழுத்துவிட்டு வந்தவன் எந்தப் பஸ்ஸில் ஏறுவான். டீச்சர் படித்தவர், பேசத் தெரியும் என்று என்னிடம் வந்தார்கள். சபைச் செயலாளர் யாக்கோபு மாமாதான் வந்து கேட்டார், மறக்காதே, பின்னால் அவர்தான் எதிர்த்து நின்றார். ஓர் ஆகமனத்திலிருந்து அடுத்த ஆகமனம் வரை என்று ஒப்புக்கொண்டேன். எந்த ஞாயிறுக்கு எந்தப் பகுதி என்று திருச்சபை அட்டவணை இருக்கிறது. அதன்படி போனால் போதும் என்று நினைத்தேன்.

முதல் ஞாயிறின் பாடம்: விழித்திருங்கள். எஜமான் எந்த நேரம் வருவார் என்று தெரியாது, தூங்குகிறவர்களாக உங்களை அவர் காணக்கூடாது. வாரம் முழுக்கத் தயாரித்தேன். எம்.ஏ. படித்தபோதுகூட அப்படிப் படிக்கவில்லை. எழுந்து நின்று பார்த்தால் ஆண்கள் பக்கம் முழுக்கத் தூக்கம். சனி ராத்திரி கடலுக்குப் போனவர்கள். ஞாயிற்றுக்கிழமை மீனுக்குத்தான் விலை, உனக்குத் தெரியும். கரையில் மீனைக் கொடுத்துவிட்டு, குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, பாயில் உட்கார்ந்ததும் கண் சொருகிவிட்டது. கோகிலா வீட்டுக்காரர் தர்மராஜ் சுவரில் சாய்ந்து வாயைத் திறந்து தூங்கினார். விழித்திருங்கள் என்று நான் சத்தத்தைக் கூட்டிய இடத்தில் கண்ணைத் திறந்தார். சரி என்பதுபோலத் தலையாட்டினார். மறுபடி தூங்கிவிட்டார். வீட்டுக்கு வரும் வழியில் அய்யா சொன்னது: "ஸ்டார்ட்டிங் நல்லாத்தான் இருந்துச்சு. லோடு ஏத்துனதும் இழுக்கல." அன்று எனக்குக் கோபம். எழுப்புவதுதான் என் வேலை என்று நினைத்திருந்தேன்.

வருஷம் ஓடியது. நான் ஆர்.எஸ்.மங்கலத்துக் கண்மாய்க்குக் கீழே வளர்ந்தவள். எனக்குத் தெரிந்த வேதமெல்லாம் வயல். விதைக்கிறவனின் உவமை வந்த ஞாயிறு எனக்குத் திருவிழா. வழியோரம், பாறை, முள், நல்ல கரிசல் என்று நால்வகை நிலத்தையும் பிரித்துப் பிரித்துச் சொன்னேன். முடிந்ததும் யாக்கோபு மாமா வாசலில் நின்று, "டீச்சர், எங்களுக்கு மண்ணுன்னா ஒண்ணுதான். கால்ல ஒட்டுறது" என்றார். ஈஸ்டருக்கு முந்திய லெந்து நோன்பு நாட்களில் இறைச்சியை விட்டுவிடுங்கள் என்று சொன்னேன். பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல்: "கிறிஸ்மஸுக்கு எடுத்தது டீச்சர், அதுக்கப்புறம் கறி எப்ப எடுத்தோம். மீனை விடச் சொல்லிறாதீக." பெரிய வெள்ளியன்று யாரும் கடலுக்குப் போகவில்லை, யாரும் தூங்கவும் இல்லை. அன்று நான் பேசியது சுமார்தான். அதற்குப் பிறகு என் பேச்சுக்கும் அவர்கள் தூக்கத்துக்கும் முடிச்சுப் போடுவதை நிறுத்தினேன்.

ஈஸ்டருக்குப் பிந்திய ஞாயிறுகளில் பாதிப் பாய் காலி. விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், நம் நாட்டுப்படகுக்காரர்களுக்கு அப்போதுதான் மீனுக்கு விலை. உயிர்த்தெழுந்தவர் கரையில் நெருப்பு மூட்டி மீன் சுட்டுவைத்துச் சீடர்களைச் சாப்பிடக் கூப்பிட்ட பகுதி வந்தது. அந்த ஞாயிறு நான் பேசவேயில்லை, அவர்கள்தான் பேசினார்கள். "அந்த மீன் அவரு பிடிச்சதா, வாங்குனதா" என்று ஒருவர். "கரையில நிக்கிற ஆளு வலையை அந்தப் பக்கம் போடுங்கன்னு சொன்னா நம்மள்ல எவன் போடுவான், கரையில நிக்கிறவன் எல்லாம் அதைத்தான் சொல்லுவான்" என்று யாக்கோபு மாமா. வந்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள், எனக்குப் பிடித்த ஞாயிறு அது. பரிசுத்த ஆவி இறங்கிய பெந்தெகொஸ்தே பண்டிகையன்று மறுபடி சறுக்கினேன். வானத்திலிருந்து பலத்த காற்று வந்தது என்று மகிழ்ச்சியாகச் சொன்னேன். வெளியே தென்மேற்குக் கச்சான் காற்று ஓலையைப் பிய்த்துக்கொண்டிருந்தது. பெண்கள் எல்லோரும் ஜன்னலைப் பார்த்தார்கள். ஒரு முகத்திலும் மகிழ்ச்சி இல்லை. இந்த ஊரில் காற்றை நல்ல செய்தியாகச் சொல்வதற்கு முன் அது எந்தத் திசைக் காற்று என்று சொல்ல வேண்டும். கற்றுக்கொண்டேன்.

இனி ஆவணி. இதை உனக்கு அரைகுறையாகத்தான் சொன்னேன், நீ அங்கே தனியாக உட்கார்ந்து கவலைப்படுவாய் என்று. ஒரு வெள்ளி சாயங்காலம் தர்மராஜும் இன்னும் இரண்டு பேரும் வள்ளத்தில் கடலுக்குப் போனார்கள். சனி காலையில் வந்திருக்க வேண்டும், வரவில்லை. கச்சான் கடுமையாக அடித்துக்கொண்டிருந்தது. இங்கே ஒரு வள்ளம் கரைக்கு வரவில்லையென்றால் மற்ற வள்ளங்கள் எல்லாம் வலையை இறக்கிவைத்துவிட்டுத் தேடப் போகும். யாரும் யாரையும் கேட்பதில்லை. அன்றைய மீன்பாட்டை எல்லோரும் விட்டுவிடுவார்கள். யாக்கோபு மாமா முதல் ஆளாகப் போனார். தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப் போன மேய்ப்பனைப் பற்றி நான் பெண்கள் கூட்டத்தில் இரண்டு தடவை பேசியிருக்கிறேன். அன்று காலை அந்தக் கதை என் கண் முன்னால் டீசல் ஊற்றிக்கொண்டு புறப்பட்டது. அய்யாவும் மாற்று என்ஜின் ஒன்றை ஏற்றிக்கொண்டு மாமாவோடு போய்விட்டார்.

சாயங்காலம் ஐயர் கோகிலா வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர், சின்ன வயது, நம் மங்கலத்துப் பக்கம்தான். முழங்கால்போட்டு, இந்தக் குடும்பத்துக்கு ஆறுதலைத் தாரும் என்று ஜெபிக்க ஆரம்பித்தார். பெண்கள் நிறுத்திவிட்டார்கள். "ஐயரே, ஆறுதல் எதுக்கு இப்ப. ஆளு வாரதுக்குச் செபம் பண்ணுங்க, இல்லாட்டி சும்மா உக்காருங்க." கடல் பதில் சொல்லும் வரை இந்தக் கரையில் அந்தச் சொல்லை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. வயல்காட்டில் அது நல்ல சொல். அவர் முகம் செத்துப்போய் வெளியே வந்து நின்றார். நான் டீ கொடுத்தேன். நானும் இப்படித்தான் ஒவ்வொன்றாகப் படித்தேன் ஐயரே என்றேன்.

மறுநாள் ஞாயிறு. அட்டவணையைத் திறந்தால், யுவி, இயேசு புயலை அடக்கிய பகுதி. நான் தேர்ந்தெடுக்கவில்லை. பல மாதங்களுக்கு முன்னால் எங்கேயோ யாரோ அச்சடித்தது. ஆண்கள் பக்கம் ஒரு ஆள்கூட இல்லை, எல்லோரும் கடலில். முன் பாயில் கோகிலா, இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு. வீட்டில் இருந்தால் ஆளாளுக்கு முகத்தைப் பார்க்கிறார்கள், அதனால் வந்துவிட்டேன் என்று சொன்னாள். தூண் ஓரத்தில் எப்போதும்போல வெள்ளையம்மாள் அத்தை. உன்னோடு பத்தாவது படித்த அவர் மகன் கடலுக்குப் போய் வராமலே போனது உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வாசிக்க ஆரம்பித்தேன். பகல் முழுக்கப் பேசிவிட்டுப் படகில் ஏறினார். காற்று எழும்பியது. அலை படகுக்குள் விழுந்தது. அவர் பின்பக்கம் தலையணை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். சீடர்கள் எழுப்பி, நாங்கள் சாகிறோமே, உமக்கு அக்கறை இல்லையா என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி வரை வாசித்தேன். அடுத்த வரியில் அவர் எழுந்து அதட்டுவார், கடல் அடங்கிவிடும். கோகிலா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே அடங்காத கடலின் சத்தம். வேதத்தை மூடினேன். இன்றைக்கு இவ்வளவுதான் என்றேன். பிரசங்கம் இல்லை. ஒரு பாட்டுப் பாடி, ஜெபித்து, அனுப்பிவிட்டேன்.

அன்று பொழுது சாயும்போது கொண்டுவந்துவிட்டார்கள். என்ஜின் நின்றுபோய், காற்று தள்ளித் தள்ளித் தனுஷ்கோடிப் பக்கம் போயிருக்கிறது வள்ளம். யாக்கோபு மாமா கயிறு போட்டு இழுத்துவந்தார். மூன்று பேரும் உயிரோடு. கோகிலா தண்ணீருக்குள் இறங்கிப் போய் தர்மராஜ் முதுகில் இரண்டு வைத்துவிட்டுத்தான் அழுதாள். கரையே சிரித்தது, அழுதது. அந்தக் கூட்டத்தில் யாரோ மாமாவிடம் காலை ஆராதனையைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். ஈர உடையோடு நேரே என்னிடம் வந்தார். "டீச்சர், நான் ஆளைக் கொண்டாந்துட்டேன். நீங்க கர்த்தரை இன்னும் எழுப்பலையாமே." கேலியாகத்தான் ஆரம்பித்தார், முடிக்கும்போது கேலி இல்லை. வாரம் ஒன்று போகட்டும், வருகிற ஞாயிறு மீதியை வாசித்து ஸ்தோத்திரம் சொல்லிவிடுவோம் என்றார். நான் மாட்டேன் என்றேன்.

ஏன் மாட்டேன் என்று அவரிடம் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன். தர்மராஜ் வந்த பிறகு மீதியை வாசித்தால் என்ன அர்த்தம். ஆள் திரும்பினால் கர்த்தர் எழுந்தார் என்று அர்த்தம். அப்படியானால் தூண் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறவர் வீட்டுக்கு அவர் எழவில்லை என்று அர்த்தம். அதை அவர் முகத்துக்கு நேரே, மேளம் தட்டி, நான் வாசிக்க வேண்டும். என்னால் முடியாது. அடுத்த ஞாயிறு அட்டவணையில் வேறு பகுதி. அதைப் பேசினேன். அதற்கடுத்தது வேறு. பாதி வாசித்த பகுதி பாதியிலேயே நின்றது. மாமா வந்து உட்கார்ந்து கேட்டுவிட்டு, என்னிடம் பேசாமல் போனார். ஐப்பசி முழுக்க அப்படித்தான். நான் பேசுவதைக் கேட்கப் பிடிக்காத ஆள் ஒரு ஞாயிறும் வராமல் இருந்ததில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தெருவில் என் காதுபடச் சொல்லிக்கொண்டார்கள்: "கர்த்தரைத் தூங்க வச்ச டீச்சர்." உனக்குக் கோபம் வந்தது அதைக் கேட்டுத்தான். எனக்கு அவ்வளவு வரவில்லை. அது நல்ல பட்டம்.

போன ஞாயிறு, திருச்சபை வருஷத்தின் கடைசி ஞாயிறு, ஆராதனை முடிந்து ஆலயத்திலேயே சபைக் கமிட்டி உட்கார்ந்தது. கமிட்டி என்றால் பேருக்குத்தான், பாதிச் சபை அங்கேயே உட்கார்ந்திருந்தது. மாமா எழுந்து, "ஒரு வருஷம்னு சொன்னீக, பேசிட்டீக. நன்றி. ஆனா வேதத்தைப் பாதியில மூடுற ஆளுக்கு இன்னொரு வருஷம் குடுக்க முடியாது" என்றார். அப்ப ஞாயித்துக்கிழமைக்கு என்ன செய்யுறது என்று யாரோ கேட்டார்கள். "பூட்டுனாப் பூட்டுவோம். பாதி வேதம் வேண்டாம்" என்றார். பூட்டினால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். மாதம் ஒரு ஞாயிறு, பிறகு பண்டிகைக்குப் பண்டிகை, பிறகு சாவி யாரிடம் இருக்கிறது என்று தேடுவார்கள். அதை மாமாவும் அறிவார். அவர் அப்பா கல் சுமந்து கட்டிய ஆலயம்.

என்னைப் பதில் சொல்லச் சொன்னார்கள். மன்னிப்புக் கேட்டுவிடு, வேலை முடிந்தது என்று அய்யா கண்ணாலேயே சொன்னார். நான் எழுந்து, அன்றைக்கு அந்தக் கேள்விவரைதான் நமக்குத் தெரியும், தெரிந்தவரை வாசித்தேன் என்றேன். மாமா விடவில்லை. "காக்குறவர் கண்ணசர மாட்டாருன்னு சங்கீதப் புஸ்தகத்துல இருக்கா இல்லையா. அவரைத் தூங்க வச்சிட்டு வீட்டுக்குப் போனா என்ன அர்த்தம்." அப்போதுதான் சுவர் ஓரத்திலிருந்து தர்மராஜ் பேசினார். வழக்கம்போலத் தூங்கிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். "அது மேல இருக்கவரு மாமா. இவரு வள்ளத்துல இருக்கவரு" என்றார். எல்லோரும் திரும்பினார்கள். "நாங்க மூணு பேரு கிடந்தோம்ல. முறை வச்சுத் தூங்குனோம். மூணு பேரும் முழிச்சுக் கிடந்தா மூணு பேரும் பயந்துதான் கிடக்கணும். ஒருத்தன் தூங்குறதைப் பார்த்தாத்தான் மத்த ரெண்டு பேருக்கும் கொஞ்சம் நெஞ்சு நிக்கும். நீங்க கயிறு போட்டப்ப நான்தான் தூங்குனேன், என்னை உதைச்சுத்தான எழுப்புனீக. இவரும் அப்படித்தான். பகல் பூராம் பேசிக் களைச்ச ஆளு. வள்ளத்துல ஏறுனாரு, படுத்துட்டாரு. அது அவரு முறை. இதுக்கு எதுக்குச் சண்டை."

கோகிலா, "இவரு முறைதான் வீட்டுல எப்பவும்" என்றாள். சபை சிரித்தது. மாமாவுக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "சரிலே, அவரு முறைன்னே வச்சுக்கிருவோம். எழுப்புனதும் எந்திரிச்சாருல்ல. அதை வாசிக்கிறதுக்கு டீச்சருக்கு என்ன." அதற்கு என்னிடம் பதில் இருந்தது, ஆனால் சொல்ல முடியாத பதில். நான் தூண் பக்கம் பார்க்காமல் நின்றேன். பார்க்காததே காட்டிக்கொடுத்துவிட்டது. வெள்ளையம்மாள் அத்தை சாய்ந்த வாக்கிலேயே கேட்டார். "எனக்காகவா நிப்பாட்டுன?" "அவன் போன அன்னைக்கும் கடல் அடங்கத்தான் செஞ்சுச்சு. மறுநாள் எண்ணெய் கணக்காக் கிடந்துச்சு. நான் கரையில நின்னு பார்த்தேன்ல. அடங்குச்சுன்னு நீ வாசிச்சா எனக்குப் புதுசா என்ன வந்துறப்போகுது. எனக்கும் அவருக்கும் பேச்சு இருக்கு, அதை நாங்க பேசிக்கிருவோம். நீ நடுவுல நிக்காத. வாசி."

யுவி, நான் ஒரு வருஷம் பேசினேன். அவர் பேசியது அவ்வளவுதான். மாமா தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். தரையைப் பார்த்தபடி, "அடுத்த வருஷமும் டீச்சர்தான். முழுசா வாசிக்கணும், அவ்வளவுதான்" என்றார். நான், வாசிக்கிறேன், ஆனால் அட்டவணை திரும்பி வருகிறவரை காத்திருக்க மாட்டேன், வருகிற ஆகமன ஞாயிறு அன்றே, பாதியில் விட்ட இடத்திலிருந்து வாசித்துவிட்டுத்தான் புதுப் பாடத்துக்குப் போவேன் என்றேன். வாசலில் மாமா செருப்பு மாட்டிக்கொண்டே, "அன்னைக்கு நான் கடலுக்குப் போயிட்டுத்தான் வருவேன். தூங்குனா ஒண்ணும் நினைச்சுக்காதீக" என்றார். ஆவணிக்குப் பிறகு என்னிடம் அவர் பேசிய முதல் சாதாரணப் பேச்சு. அய்யா வீட்டு வாசலில் வந்துதான், "இன்னைக்கு உன் வண்டிய வேற ஆளுக ஓட்டுனாக. நல்லா ஓடுச்சு" என்றார்.

ஆக, நான் விடவில்லை. நீ விடச் சொன்னது என் மேல் உள்ள பாசத்தில், தெரியும். ஆனால் எனக்கு இப்போது இந்த வேலை என்ன என்று தெரிந்திருக்கிறது. போன வருஷம் தெரியாமல் ஆரம்பித்தேன். எழுப்புவது இல்லை. பாதி வழியில் யாருக்காகவோ தடுத்து நிறுத்துவதும் இல்லை, அதில் பாசம் இருந்தாலும் கொஞ்சம் அகந்தையும் இருந்தது. எழுதியிருப்பதை முழுதாக வாசிப்பது, பிறகு நகர்ந்துகொள்வது. நாளைய பாடம் மறுபடி விழித்திருங்கள்தான். போன வருஷம் அதை அவர்களிடம் சொன்னேன். நாளை அதை எனக்குச் சொல்லிக்கொள்ளப் போகிறேன். அவர்கள் இரவெல்லாம் விழித்து வந்திருப்பார்கள், ஞாயிறு காலை அவர்கள் தூங்கும் முறை. என் முறை விழித்திருப்பது. சனி இரவு எட்டு மணி நேரம் தூங்கிவிட்டு வந்து, கண் எரிகிறவனைப் பார்த்துக் கண்ணைத் திற என்று இனிச் சொல்ல மாட்டேன்.

இப்போது உன் கேள்வி. நீ இரவு முழுக்க யாரோ ஒருவரின் மூச்சைக் கேட்டுக்கொண்டு நிற்கிறாய். அவர்கள் தூங்குவதற்காக நீ விழிக்கிறாய். காலையில் உன் முறை வருகிறது. மணி அடித்தால் அடிக்கட்டும். அது உன்னைத் திட்டுவதற்கு அடிக்கவில்லை. அங்கே உனக்கு மணி அடிக்கும் நேரம் இங்கே மதியம் தாண்டியிருக்கும். ஆராதனையை முடித்து, குழம்பு வைத்து, நான் விழித்துத்தான் இருப்பேன். வேலை இல்லாத ஞாயிறு வந்தால் போ, யாருக்கும் கணக்குக் காட்டுவதற்காகப் போகாதே. அங்கே யார் பேசுகிறார்கள், என்ன பேசினார்கள் என்று எனக்கு எழுது, எனக்கு ஆசையாக இருக்கிறது, உள்ளதைச் சொன்னால் கொஞ்சம் திருடவும் செய்வேன். இரவு வேலை முடிந்து வண்டி ஓட்டாதே, பஸ்ஸில் போ. வெறும் வயிற்றில் படுக்காதே, ஒரு வாய் கஞ்சியாவது. பார்சலில் இட்லிப் பொடி, நார்த்தங்காய் ஊறுகாய், உனக்கு ஒரு கம்பளி. கருவாடு வைக்கவில்லை. ஸுஹைர் கெஞ்சிக் கேட்டுக்கொண்டான், விமானத்தில் பக்கத்தில் உட்காருகிறவர்களுக்கு அவன்தான் பதில் சொல்ல வேண்டுமாம். கோகிலா உன்னை விசாரித்தாள். வெள்ளையம்மாள் அத்தையும் விசாரித்தார். நீ வந்தால் வீட்டுக்கு வரச் சொன்னார், மகன் வகுப்புப் பிள்ளைகளைப் பார்த்து நாளாகிவிட்டதாம். கிறிஸ்மஸுக்கு லீவு கிடைக்காது என்று தெரியும். கிடைத்தால் அவர் வீட்டுக்குத்தான் முதலில் போக வேண்டும், இதை மட்டும் மறந்துவிடாதே.

வள்ளத்தில் தூங்கியவர் உன் பக்கத்திலும் இருக்கட்டும். நீ தூங்கும்போது அவர் விழிக்கட்டும், அவர் தூங்கும்போது நீ பயப்படாமல் இரு. அய்யா கிரீஸ் கையோடு வந்து நின்று, நானும் கேட்டதாக எழுது என்கிறார். எழுதிவிட்டேன்.

புதுமடம் கடற்கரை, சனி மதியம்.
உன் அம்மா.

கடித உறையை ஒட்டி ஸுஹைர் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். பிறகு யுவியின் கட்டிலில் இருந்த இரண்டு தலையணைகளுக்கும் துவைத்த உறை மாட்டி, ஆலயத்துக்குக் கொண்டுபோய், ஆண்கள் பக்கம் சுவரோரப் பாயில் போட்டுவிட்டு வந்தேன்.